பதினோரு வீட்டுச் சருகு

சாக்கு தைத்துக்கொண்டிருக்கிறேன். கடலைப் புண்ணாக்கு வந்த பழைய சணல் சாக்கு, மூன்று தடவை அலசிக் காயப்போட்டும் வாசம் போகவில்லை, அடியில் எலி கடித்த ஓட்டைக்கு வேறொரு சாக்கிலிருந்து வெட்டிய துண்டை வைத்துக் கோணி ஊசியால் ஒட்டுப் போடுகிறேன். இழுத்துத் தைத்தால் உள்ளே இருக்கிறதுக்கு மூச்சு முட்டும், தையலுக்குத் தையல் ஒரு விரல் இடம் விடு என்று செபாம்மா நேற்றுச் சொன்னார், கை அந்தப் பேச்சைக் கேட்டு இன்னும் ஒரு விரல் ஒரு விரலாக விட்டுக்கொண்டே போகிறது, இனிமேல் அதற்குத் தேவையில்லை என்பது எனக்குத் தெரிந்த மாதிரி கைக்குத் தெரியவில்லை.

வெளியே வீதி நிறைய ஆள். பத்து வீட்டுச் சாக்குகள் கட்டி முடிந்து, வாயில் மஞ்சள் தடவி, வரிசையாக நிற்கின்றன. பதினோராவது என்னுடையது. அது வந்தால்தான் ஊர் கிளம்பும்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அஞ்சாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே, வாத்தியார் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னதால்தான் என்று என் அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கும். அதனால் வெளியே போய்ச் சொல்ல வேண்டியதை இங்கே உட்கார்ந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், தொட்டிலில் தூங்குகிற கனிஷ்காவுக்குச் சொல்லுகிற மாதிரி, முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல்.

எங்கள் கோம்பைப்புதூருக்கு மூன்று பக்கமும் மலை. அந்த மலைக்கு உண்ணிச்செடி எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. வந்து, பூத்து, குருவி தின்று, குருவி எச்சமிட்ட இடமெல்லாம் முளைத்து, மான் நுழைய வழியில்லாமல், புல் முளைக்க வெயிலில்லாமல், கோடையில் காய்ந்து நின்று, தரையோடு ஊர்ந்து போக வேண்டிய நெருப்பை மரத்தின் தலைவரைக்கும் ஏற்றிவிடுகிற ஏணியாக அது காட்டை மூடிக்கொண்டது. அதைப் பிடுங்கினால் எந்தெந்த உயிர் திரும்பி வருகிறது என்று பார்த்து எழுதி வைக்க, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்தான் செபாம்மா. பேர் செபா, என்னைவிட நாலைந்து வயசுதான் மூப்பு, ஆராய்ச்சி பண்ணுகிறவர் என்பதால் ஊர் ஒரு அம்மாவைச் சேர்த்துக்கொண்டது.

பிடுங்குகிற வேலைக்கு நாங்கள் பதினோரு பொம்பளைகள், மாராக்கா எங்களுக்குத் தலை. சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளைகளின் பழைய முழுக்கைச் சட்டை, கையில் களை தோண்டுகிற கொத்து. உண்ணியை மேலாக வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் ஒரு சாண் தோண்டி ஆணிவேரை அறுத்து, தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், வேர் வானத்தைப் பார்த்தபடி காய்ந்தால்தான் அது மறுபடி மண்ணைப் பிடிக்காது. கவிழ்த்ததைத் தீக்கோட்டிலிருந்து நாற்பது அடி தள்ளிக் குவிக்க வேண்டும். தீக்கோடு என்றால் இரண்டு மாட்டு வண்டி சேர்ந்து போகிற அகலத்துக்கு, ஒரு சருகு இல்லாமல் கூட்டி வைத்த மண்பாதை. அந்தப் பக்கம் வருகிற நெருப்பு, தின்ன ஒன்றுமில்லாமல் அங்கேயே நின்றுவிடும். இது எங்கள் பதினோரு பேருக்கும் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாற்பது அடி என்று சொல்லுவோம்.

இரண்டு வருஷம் பிடுங்கினோம். பன்னிரண்டு ஏக்கர் வெளிச்சமானது. வேங்கை, மருது, நமை மரங்கள் உதிர்த்த இலை உண்ணியில் மாட்டாமல் தரைக்கு வந்து மெத்தை மாதிரி கிடந்தது. போன தை மாசம், மரத்தில் கட்டி வைத்திருந்த கேமராப் பெட்டியில் ஒரு சருகுமானின் படம் விழுந்திருந்தது. முயல் உயரம், பென்சில் கால், முதுகில் வெள்ளைப் புள்ளி வரிசை. சருகுக்குள் சருகாக ஒளிந்து வாழுகிற உயிர் அது, சருகு இல்லாவிட்டால் அதற்கு வீடில்லை. எங்கள் காட்டில் அதைப் பார்த்துப் பதினாறு வருஷம் ஆயிற்றாம். செபாம்மா அந்தப் படத்தை எங்கள் எல்லோருக்கும் இரண்டு தடவை காட்டினார். மாசியில் விழுந்த இன்னொரு படத்தில் அதன் வயிறு தெரிந்தது.

"மாசமா இருக்குது புள்ள," என்றது மாராக்கா. "நம்ம ரஞ்சிதம் போன வருசம் இருந்த மாதிரியே, ஒதுங்கி ஒதுங்கி நிக்குது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது, என்னைக் கேட்காமல் யாரோ என்னைப் படம் எடுத்த மாதிரி.

கனிஷ்காவுக்கு அப்போது நாலு மாசம். தீக்கோட்டின் ஓரத்தில் ஒரு புங்கமரம், அதில்தான் அவளுக்குத் தொட்டில் கட்டியிருந்தேன். தீக்காவல் ஆட்கள் அந்தக் கோட்டு வழியாகத்தான் போவார்கள், வருவார்கள், நின்று தண்ணீர் குடிப்பார்கள். அவள் அழுவாள், எனக்குச் சட்டை நனையும், மாரில் பால் கல்லாகக் கட்டும், மரத்தைப் பார்த்துத் திரும்பி உட்காருவேன், காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவேன், அவள் இன்னும் அழுவாள். ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்த மாராக்கா கொத்தைக் கீழே போட்டது.

"ஏம்மிணி, பால் கட்டிச் சாகப் போறயா? அவனுங்க அம்மாகிட்டக் குடிக்காத பாலா? இவ ஒருத்தி, மானைக் காட்டிலும் மோசமா இருக்கறா."

திட்டிக்கொண்டே போய், கவிழ்த்துப் போட்டிருந்த உண்ணிப் புதர் ஒன்றை இழுத்து வந்து புங்கமரத்துக்கும் பாதைக்கும் நடுவில் நிறுத்தியது. அதைப் பார்த்து இன்னொருத்தி ஒன்று இழுத்து வந்தாள். இன்னொருத்தி. கல்யாண வீட்டில் ஆளுக்கொரு சீர்த்தட்டு எடுக்கிற மாதிரி ஆளுக்கொரு புதர். பதினோராவது நான் வைத்தேன். வேரெல்லாம் மேலே, கிளையெல்லாம் கீழே, நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம். பூபதியைக் கட்டி வந்த நாளிலிருந்து எனக்கென்று கிடைத்த முதல் அறை அதுதான். வேர்களுக்கு நடுவே விழுகிற வெயிலில் கனிஷ்கா கண்ணை மூடிக் குடிப்பாள், நான் இரண்டு நிமிஷம் யார் மகளும் இல்லாமல், யார் மருமகளும் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். வெயில் முற்றுவதற்குள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தோம். மரத்தடியில் இடம் போதாமல் புதர்கள் பாதையின் குறுக்கே பாதிவரைக்கும் வந்து நின்றன. மீதிப் பாதியைக் காற்று இலை கொண்டுவந்து நிரப்பியது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், மேற்குச் சரிவில் தீ பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது. இறங்கி வந்த நெருப்பு தீக்கோடு நெடுக, கட்டுத்தறியில் கட்டின மாடு மாதிரி நின்று முனகி அடங்கியது. புங்கமரத்தடியில் மட்டும், நாங்கள் கட்டி வைத்த பாலத்தில் ஏறி நடந்து இந்தப் பக்கம் வந்தது. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு ஏக்கரும் போயிற்று.

மறுநாள் சாம்பலில் நடந்து நடந்து தேடிய செபாம்மா, மருதமரத்தின் வேர்ப் பொந்தில் அந்தச் சருகுமானைக் கண்டுபிடித்தார். சுருண்டு, சுட்ட தேங்காய் அளவுக்கு இருந்தது. அவர் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், நாங்கள் பதினோரு பேரும் சுற்றி நின்றோம்.

"எங்கன வச்சுத் தாண்டுச்சுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்," என்றார் யாரையும் பார்க்காமல். "கோடு நெடுக நிக்குதே. எந்த இடத்துல வந்துச்சு? யாருக்காவது ஏதாவது தெரியுமா?"

புங்கமரம் இருந்த இடம் எங்கும்போல் கறுப்பாகத்தான் இருந்தது. மாராக்கா தன் கொத்தின் பிடியைப் பார்த்தது. நான் கனிஷ்காவின் காதைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது பால் மாதிரி உள்ளேயே கட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குள் இலை உதிர ஆரம்பித்தது.

முதலில் ஒரு வேங்கை இலை. பழுத்தது. கான்கிரீட் கூரையிலிருந்து கிளம்பி, ஃபேனை ஒரு சுற்றுச் சுற்றி, உலையில் விழுந்தது. "சன்னலைச் சாத்தறதில்லையா?" என்றது என் அத்தை, பூபதியின் அம்மா. சன்னல் சாத்தித்தான் இருந்தது. இரண்டாவது இலை அத்தையின் தலையிலேயே விழுந்தது. மத்தியானத்துக்குள் கணுக்கால் முட்ட வந்துவிட்டது, கூட்டினேன், கூட்டின இடத்தில் மறுபடியும் விழுந்தது, சாயங்காலம் மாராக்கா வீட்டிலும் அப்படித்தான் என்று சேதி வந்தது, அதற்கடுத்து இன்னொரு வீடு, இன்னொரு வீடு. மொத்தம் பதினோரு வீடு. ஊரில் நூற்று நாற்பது வீட்டில் பதினோரு வீடு மட்டும்.

ஊராட்சிக் கொத்தனார் வந்து கூரைமேல் ஏறி, சுத்தியலால் தட்டிக் கேட்டு, "வேலை சுத்தம். இலை கசியற மாதிரி ஒரு விரிசலும் இல்லை," என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். பூசாரி, ஆத்தாளிடம் பூக்கேட்டார், வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை. நல்லதா என்று கேட்டதற்கும் வெள்ளைப்பூ வந்தது, கெட்டதா என்று கேட்டதற்கும் வெள்ளைப்பூவே வந்தது. அதன்பிறகு ஊர் கேட்பதை விட்டுவிட்டது. காலையில் வேங்கை உதிரும், உச்சிக்கு மருதும் நமையும், பொழுது சாய்ந்தால் நெல்லி இலை தூறல் மாதிரி. அதை வைத்தே நேரம் சொல்லப் பழகிவிட்டோம், நமை விழுந்துடுச்சு சோறு போடு என்று ஆம்பளைகள் கேட்டார்கள். கனிஷ்காவின் தொட்டிலுக்கு மேலே ஒரு குடையைக் கட்டித் தொங்கவிட்டேன். மாராக்கா மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் காபியில் ஒரு தடச மரத்து இலை விழ, அவன் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், அதிலேயே கல்யாணம் முடிவாயிற்று. எதிர்வீட்டுச் சரோசாக்காவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "எங்கூடு என்ன, சாமி தள்ளி வெச்ச ஊடா?" என்று ஒருநாள் வந்து, இரண்டு கூடை அள்ளிக்கொண்டு போய், தன் வீட்டுக்குள் பரப்பி வைத்துக்கொண்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற பூபதி ஞாயிற்றுக்கிழமை வந்து, இலைக்குள் கால் நீட்டிப் படுத்து, "கட்டிங் மிசின் பக்கத்துல பிட்டுத் துணிக்குள்ள தூங்கற மாதிரியே இருக்குது ரஞ்சிதம்," என்றது. ஏன் நம் வீட்டில் மட்டும் என்று அது கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

யாரும் தண்டோராப் போடாமலே ஊருக்கு ஒரு சட்டம் வந்தது. அந்த இலைக்குப் பக்கத்தில் ஒருவரும் நெருப்பை வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு வீட்டு அடுப்பும் தள்ளிப் போய் ஊர்க்கிணற்றடியில் வரிசையாக உட்கார்ந்தது. பீடி குடிக்கிறவர்கள் எங்கள் வாசல் வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போனார்கள். கார்த்திகைக்கு என்ன செய்வது என்று அத்தைக்கு இப்போதே கவலை. அந்தச் சட்டத்தை வெளியூர்க்காரர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, இதை நான் மறக்காமல் சொல்ல வேண்டும்.

செபாம்மா வந்தார், வீடு வீடாக உட்கார்ந்து இலையை மரம் மரமாகப் பிரித்தார், நிறுத்தார், எழுதினார். எரிந்துபோன மரங்கள்தான் இந்த வருஷம் உதிர்த்திருக்க வேண்டியதை இங்கே உதிர்த்துக்கொண்டிருக்கின்றன என்று அவர் சொன்னபோது, அது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது. பிறகு அவர் ஊரைப் படமாக வரைந்து, இலை விழுகிற வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தார். வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் அத்தை இல்லாத நேரமாகப் பார்த்து என் வீட்டுக்கு வந்தார். முழங்கால்வரைக்கும் இலை. எல்லா வீட்டையும்விட என் வீட்டில்தான் அதிகம்.

"பதினோரு புள்ளி," என்றார். "என் வருகைப் பதிவேட்டுல இருக்க பதினோரு பேரு. உன் வீட்டுல மட்டும் ரெண்டு மடங்கு. நான் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன் பிள்ள. எனக்குத் தெரிஞ்சா மட்டும் போதும்."

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு எழுந்து போய்ப் பாயை எடுத்துவந்து, கனிஷ்காவை மடியில் போட்டு, பாயை எனக்கும் அவருக்கும் நடுவில், புங்கமரத்தடியில் புதர் நின்ற மாதிரி, நிறுத்திப் பிடித்தேன். பாயின் அந்தப் பக்கம் அவர் அழுகிற சத்தம் கேட்டது.

"கோடு இத்தன அடி, குவியல் இத்தன அடி தள்ளின்னு எல்லாத்தையும் எழுதுனேன்," என்றார். "நீ எங்கன இருந்து பால் குடுப்பன்னு எழுதலையே. ரெண்டு பழைய சேலையும் நாலு கம்பும் போதுமே பிள்ள. எனக்குத் தோணவே இல்லையே."

அப்போதுதான் தொட்டிலுக்கு அடியில் சருகு அசைந்தது.

உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டி. முதுகில் வெள்ளைப் புள்ளி, நனைந்த மூக்கு, விரலைவிட மெல்லிய கால். இலையோடு இலையாகக் கூரையிலிருந்து விழுந்ததோ, எங்களுக்குத் தெரியாமல் நடந்து வந்ததோ, அதன் அம்மா போவதற்கு முன்னால் பிறந்ததோ, பின்னால் பிறந்ததோ, செபாம்மா கேட்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறவர் அன்றைக்கு நோட்டை மூடி வைத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு காரியத்தை மட்டும், என்னிடம் மட்டும், இரண்டு தடவை சொன்னார்.

"இது கத்தாது, ரஞ்சிதம். இதுக்குச் சத்தம் கிடையாது. பயம் வந்தாப் பின்னங்கால வச்சுத் தரையில தட்டும், அதான் அதுக்கு வாய். தட்டுற சத்தம் கேட்டா என்ன நடந்துக்கிட்டு இருந்தாலும் நிறுத்திரு. தட்ட விட்டா நெஞ்சு நின்னுபோகும்."

இருபத்து நாலு நாள் இருந்தது. சொட்டு மருந்துக் குழாயில் ஆட்டுப்பால் குடித்தது, நெல்லி இலையின் நுனியைக் கடித்தது, கனிஷ்கா தூங்கும்போது தொட்டிலுக்கு நேர் கீழே வந்து தூங்கியது. எங்கள் இருவருக்கும் ஒரே குணம், ஆள் வந்தால் இலைக்குள் அது போகும், அடுப்பில்லாத அடுப்படிக்குள் நான் போவேன், கூட்டம் கலைந்ததும் இரண்டு பேரும் தலையை நீட்டிப் பார்ப்போம். அதன் அம்மாவை நான் எரித்தேன் என்பது அதற்குத் தெரியாது. தெரியாமல் என் கட்டைவிரலை நக்கும். இது ஒன்று பிழைத்துவிட்டால், இது காட்டுக்குப் போய் நின்றுவிட்டால், மாராக்காவிலிருந்து கடைசி ஆள்வரைக்கும் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கலாம் என்று இருந்தேன். வேறு எதற்கும் நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை, கனிஷ்கா பிறக்கும்போதுகூட.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. கருகின பன்னிரண்டு ஏக்கரில் முதலில் தலைகாட்டியது உண்ணிதான், எண்ண முடியாத அளவுக்கு, சாம்பலைத் தின்று முளைத்த மாதிரி. வீட்டில் இலை குறைய ஆரம்பித்தது. உதிர வேண்டியதெல்லாம் தீரப்போகிறது என்றார் செபாம்மா. இருக்கிற சருகை அள்ளிக்கொண்டு போய், உண்ணியைப் பிடுங்கின இடத்தில் மூடாக்காகப் பரப்பி, ஒரு மூலையில் கெட்டியாகப் போட்டுக் குட்டியை அங்கே விட்டால், பக்கத்திலேயே நான் காவல் இருந்து பால் கொடுத்தால், அது தேறிக்கொள்ளும் என்றார்.

"வெறுங்கையோட எப்படியம்மா அனுப்பறது?" என்றது மாராக்கா. "நம்மூட்டுல இருந்த புள்ள. சீர் செஞ்சுதான் கொண்டுபோய் உடோணும்."

ஊருக்கே அது சரியென்று பட்டது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி, பதினோரு வீட்டுச் சருகும் பதினோரு சாக்கில், தலைச்சுமையாக, முன்னால் தப்பட்டை முழங்க. பக்கத்து ஊர்த் தப்பட்டை செட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். தப்பட்டைச் சேதி மட்டும் செபாம்மாவுக்குத் தெரியாது, அவர் மகிழட்டும் என்று மறைத்து வைத்தார்கள். எனக்குத் தெரியும். முந்தாநாளே தெரியும். தப்பட்டை வேண்டாம் அக்கா என்று சொல்ல மாராக்கா வீட்டு வாசல்வரைக்கும் போனேன், உள்ளே ஏழெட்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள், தயிர் இருக்குதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று நாள் முழுக்க ஒரே ஒரு இலை விழுந்தது.

இன்று காலையில் செட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒரே நிறத்தில் பனியன் போட்ட சின்னப் பையன்கள், நல்ல பையன்கள், வந்ததும் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். தப்பட்டைத் தோல் விறைக்க வேண்டுமானால் தீயில் காட்ட வேண்டும். அவர்களுக்கு எங்கள் சட்டம் தெரியாது. சாக்கு கட்டும்போது சிந்திக் கிடந்த சருகை வீதி ஓரத்தில் கூட்டி, தீக்குச்சி கிழித்துப் போட்டார்கள். புகை நேராக என் சன்னலுக்கு வந்தது. அந்தச் சருகு எரிகிற வாசம், பங்குனி ஞாயிற்றுக்கிழமையின் அதே வாசம். குட்டி எழுந்து நின்றது. ஒருவன் தோல் விறைத்துவிட்டதா என்று பார்க்க ஒரு அடி அடித்தான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான்.

குட்டி தரையைத் தட்ட ஆரம்பித்தது.

"அட, தப்பட்டைக்கு ஆடுது பாரு!" என்று அத்தை கைதட்டிச் சிரித்தது. "தாளம் பிசகாம ஆடுது! ஏ சரோசா, வந்து பாரு!" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடியது, காட்டக் கூட்டி வர. அந்த வீதியில் அது ஆட்டமில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

வாசலுக்குப் போனேன். நாலு எட்டு நடந்தால் அந்தப் பையன்கள். ஒரு வார்த்தை போதும். நிறுத்துங்க. அவ்வளவுதான் வார்த்தை. வாயைத் திறந்தேன். சுற்றி நின்ற இருபது முப்பது ஆம்பளைகளில் ஒருவர், யார் என்றுகூடத் தெரியாது, என்னவோ என்று திரும்பி என்னைப் பார்த்தார். நான் சேலையைத் தோளுக்கு இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சன்னலைச் சாத்தினேன். போர்வையைத் தொங்கவிட்டேன். குட்டியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடினேன். கைக்குள்ளும் தட்டிக்கொண்டே இருந்தது, என் உள்ளங்கையில், தப்பட்டையைவிட வேகமாக, பிறகு தப்பட்டை அளவுக்கு, பிறகு சுவர்க் கடிகாரம் அளவுக்கு, பிறகு கனிஷ்கா பால் குடித்து முடித்துத் தூங்கப்போகும்போது விடுகிற மாதிரி ஒரு மூச்சு. அத்தை சரோசாக்காவோடு வந்தபோது அது இலைமேல் சுருண்டு கிடந்தது. "ஆடின அலுப்பு, தூங்குது," என்று அத்தையே மெதுவாகப் பேசச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஒட்டுப் போட்டு முடித்துவிட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாயிற்று. கடைசி இலையெல்லாம் அள்ளிச் சாக்கில் போட்டு, நடுவில் குழி பண்ணி, அதை அதில் படுக்க வைத்திருக்கிறேன். தொட்டால் இன்னும் சூடு இருக்கிறது. கண்ணை மட்டும் மூட மாட்டேன் என்கிறது, நான் மூடினால் திறந்துகொள்கிறது.

செபாம்மாவின் ஜீப் சத்தம் கேட்கிறது. சரி. சொல்லிப் பார்த்தாயிற்று. அங்கே போய் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சாக்கில் இருக்கிறது உயிரோடு இல்லை. பையன்களை யாரும் வையாதீர்கள், அவர்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அத்தையை வையாதீர்கள், அது சந்தோஷப்பட்டது. புங்கமரத்தடியில் புதர் வைத்தவர்கள் பத்துப் பேரும் எனக்காக வைத்தார்கள். தெரிந்திருந்தும் வாயைத் திறக்காதவள் நான், அன்றைக்கும் நான், இன்றைக்கும் நான். ஆனாலும் சருகைக் கொண்டுபோய்ப் பரப்பத்தான் வேண்டும், இதையும் அதன் அம்மா கிடந்த மருதடியில் வைத்து மேலே கனமாகப் போட வேண்டும், ஏனென்றால் செபாம்மா சொல்லியிருக்கிறார், சருகு இருந்தால் எங்கேயாவது இருக்கிற இன்னொன்று

"ஏ ரஞ்சிதம்! செபாம்மா வந்தாச்சு! குட்டியக் கொண்டாம்மிணி, நேரமாவுதில்ல?"

மாராக்காதான். இதோ வர்றனுங்கக்கா. எழுந்துவிட்டேன். சாக்கு இவ்வளவு பெரிசாக இருக்கிறது, கனமே இல்லை. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், தப்பட்டைக் குச்சியை ஓங்கிவிட்டார்கள், சேலையை இழுக்கப்போன கையைக் கீழே இறக்கிவிட்டேன், நாலு எட்டுத்தான், முதல் வார்த்தை நிறுத்துங்க, அதற்கு அடுத்தது